ஆறுதல் என்ற சொல்லை எங்கே, எப்படிப் போடுவது?

செருப்பு விளம்பரத்தில் 'நாள் முழுவதும் ஆறுதலான நடை' என்று இருந்தால் அது இயந்திரம் மொழிபெயர்த்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். செருப்புக்கும் மெத்தைக்கும் நம்மிடம் சௌகரியம், வசதி எல்லாம் இருக்கிறது. மார்கழிக் குளிரில் போர்த்திக்கொள்கிற கம்பளிக்கு இதம் இருக்கிறது. ஆறுதல் அந்த வரிசையில் சேராது. அது வருவதற்கு முன்னால் ஏதோ ஒன்று சுட்டிருக்க வேண்டும், வலித்திருக்க வேண்டும், குறைந்தபட்சம் தோற்றாவது போயிருக்க வேண்டும். இந்தச் சொல்லில் வருகிற தப்புகளில் பாதி இதை மறப்பதால்தான்.

மூலம் 'ஆறு' என்கிற வினை (நதியும் இல்லை, ஐந்துக்கு அடுத்த எண்ணும் இல்லை). சோறு ஆறும், புண் ஆறும், கோபம் ஆறும், பசி ஆறும், இளைப்பு ஆறும். தானாக நடந்தால் ஆறுவது, யாராவது செய்தால் ஆற்றுவது, பேச்சில் ஆத்துவது. டீக்கடையில் மாஸ்டரைப் பாருங்கள்: ஒரு கையில் டம்ளரைத் தாழ்த்திப் பிடித்து, மறு கையில் இருக்கும் குவளையைத் தலைக்கு மேல் தூக்கி, கோடு இழுத்த மாதிரி ஊற்றுவார், நுரை கட்டும், நாலைந்து தடவையில் வாய் வைக்கிற சூட்டுக்கு வந்துவிடும். அதற்கு மேல் ஆற்றினால் யாரும் குடிக்க மாட்டார்கள். மனசுக்குச் சொல்கிற ஆறுதலும் அந்த அளவுக்குத்தான் வேலை செய்யும். துயரத்தைத் துடைத்து எடுத்துவிடாது, தாங்குகிற சூட்டுக்குக் கொண்டுவரும்.

இதே 'ஆற்று' செய்தல், இயலுதல், பொறுத்தல் என்ற பொருளிலும் வரும் என்பதால் கொஞ்சம் கவனம் தேவை. பணியாற்றினார், உரையாற்றினார் என்பதில் எதையும் யாரும் குளிரவைக்கவில்லை. ஆற்றாமை என்றால் தாங்க முடியாமை. 225ஆம் குறள் 'ஆற்றுவார் ஆற்றல் பசிஆற்றல்' என்று தொடங்கும். முதல் ஆற்றல் வலிமை, இரண்டாவது பொறுத்தல், ஒரே அடியில் இரண்டும் உட்கார்ந்திருக்கின்றன.

அப்புறம் இலக்கணம். ஆறுதல் ஒருவருக்குச் சொல்வது, ஒருவரைச் சொல்வது கிடையாது. 'அவளை ஆறுதல் சொன்னேன்' தப்பு, 'அவளுக்கு ஆறுதல் சொன்னேன்' சரி. 'அவளை' என்றுதான் எழுத வேண்டுமென்றால் தேற்றினேன், ஆறுதல்படுத்தினேன் என்று மாற்றுங்கள். 'நான் அவருக்கு ஆறுதல் தந்தேன்' என்று நாமே எழுதுவதும் காதில் இடிக்கும். நாம் சொல்லத்தான் முடியும், தந்ததா இல்லையா என்று அவர்தான் சொல்ல வேண்டும்: 'நீங்க வந்தது பெரிய ஆறுதல்.' எழுத்து வல்லின ற. 'ஆருதல்' என்று தட்டி அனுப்பிவிடாதீர்கள்.

விளையாட்டுப் பக்கத்தில் இந்தச் சொல் ரொம்பச் சரியாகப் புழங்குகிறது. மூன்று ஆட்டத் தொடரில் முதல் இரண்டையும் தோற்றுவிட்டு, கடைசியில் ஜெயித்தால் 'ஆறுதல் வெற்றி'. முதல் ஆட்டத்தையே ஜெயித்த அணிக்கு இதைப் போட முடியாது. ஆறுதல் பரிசும் அப்படித்தான், கோப்பையைக் கோட்டைவிட்டவருக்குத்தான் அது.

சாவுச் செய்தி வந்ததும் வாட்ஸ்அப்பில் என்ன போடுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 'ஆழ்ந்த இரங்கல்' போனவரைப் பற்றியது, ஆறுதல் இருப்பவருக்கு. குழுவில் நாற்பது பேர் ஒரே வரியை ஒட்டியிருக்கும்போது நாற்பத்தோராவதாக நீங்களும் ஒட்டுவதைவிடத் தனியாக இப்படி அனுப்பலாம்: 'அண்ணா, இப்பப் பேச வேண்டாம். ராத்திரிச் சாப்பாடு பத்துப் பேருக்கு நான் எடுத்துட்டு வர்றேன்.' இதில் ஆறுதல் என்ற சொல்லே இல்லை, பரவாயில்லை. துக்க வீட்டில் அடுப்பு மூட்டாத வழக்கம் இன்னும் பல குடும்பங்களில் இருப்பதால் சாப்பாடு உண்மையிலேயே உதவும். நேரில் போனால் பக்கத்தில் உட்காருங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணிக்கு, ஏன் வேறு டாக்டரைப் பார்க்கவில்லை என்ற விசாரணையெல்லாம் வேண்டாம். கிளம்பும்போது 'போய்ட்டு வர்றேன்' சொல்லும் பழக்கம் அங்கே இல்லை, பேசாமல் எழுந்து வந்துவிடலாம்.

சண்டை சச்சரவை ஆறப்போடலாம், நாலு நாள் கழித்து ஆற அமரப் பேசினால் பல விஷயம் தானாக அடங்கும். துக்கத்தை விசாரிக்க அப்படி ஆறப்போடக் கூடாது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பது அதற்குப் பொருந்தும்.

ஊர் மாறினால் பொருளும் நகரும். மலேசியாவில் காலைச் சாப்பாட்டையே பசியாறுவது என்பார்கள். தமிழ்நாட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர், இலங்கையில் இளைப்பாறிய ஆசிரியர். யாழ்ப்பாணத்து நண்பர் 'ஆறுதலா வாங்கோ' என்றால் உங்களுக்கு என்ன கஷ்டம் வந்ததென்று அவர் நினைத்தார் எனக் குழம்ப வேண்டாம். அவசரமில்லை, மெதுவாக வாருங்கள் என்கிறார். 'ஆறுதலாக் கதைப்பம்' என்றால் நிதானமாகப் பேசலாம். அவருக்கு அவசரம் என்றால் 'கெதியா வாங்கோ' என்பார், அப்போது உடனே கிளம்பிவிடுங்கள்.