ஒரு விலங்கு, ஒரு கொப்பி: செய்மதித் தடத்தை வீட்டிலிருந்து வாசிக்கும் முறை

நான் வடமராட்சியில் புவியியல் படிப்பிக்கிறேன். அப்பா பருத்தித்துறையில் நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். மூன்று வருடமாகத் தரம் 10 பிள்ளைகளோடு சேர்ந்து, முதுகில் கருவி சுமந்து திரியும் பறவைகளையும் ஆமைகளையும் போனில் பின்தொடர்ந்து வருகிறேன். செலவு என்றால் கொஞ்சம் டேட்டாவும் ஒரு சி.ஆர். கொப்பியும்தான். எங்களுக்குக் கைவந்த முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரே ஒரு விலங்கைத் தெரிவு செய்யுங்கள். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் நடத்தும் மூவ்பேங்க் தளத்திலும் அதன் அனிமல் ட்ராக்கர் செயலியிலும் ஏராளமான தடங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்தால் நிறநிறமான கோடுகள்தான் தெரியும். ஐந்து நிமிடத்தில் பிள்ளைகள் போனை வைத்துவிடுவார்கள். ஒன்றை மட்டும் எடுத்தால் அது வீட்டுப் பிள்ளை மாதிரி ஆகிவிடும். "ரீச்சர், நேற்று அது எங்கே நின்றது?" என்ற கேள்வியோடுதான் எங்கள் காலை தொடங்கும். சில ஆய்வுகளின் பெயர் மட்டும் தெரியும், புள்ளிகள் தெரியாது. அரிய உயிரினங்களின் கூடுகளை வேட்டைக்காரர் கண்டுபிடிக்காமல் இருக்கவும் அப்படி மறைப்பதுண்டு. அது நல்லதுதான், அடுத்ததைப் பாருங்கள்.

அந்த விலங்கு எந்த வகைக் கருவியைச் சுமக்கிறது என்பதை அடுத்து வாசியுங்கள். இதைத் தாண்டிப் போனால் பின்னால் வரும் எல்லாமே பிழைக்கும். ஒரு வகைக் கருவி ஜி.பி.எஸ். மூலம் தன் இடத்தைக் கணக்கிட்டு, கைப்பேசிக் கோபுரம் கிடைக்கும்போது அனுப்பும். அதன் புள்ளிகள் சில மீற்றருக்குள் சரியாக இருக்கும், ஆனால் கோபுரம் இல்லாத இடத்தில் வாரக்கணக்கில் மௌனம். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சீன அறிவியல் கழகத்தோடு சேர்ந்து மன்னாரில் கருவி பூட்டிய 'மேகா' என்ற ஹியூக்ளின் கடற்காகம், 2021இல் ரஷ்யாவின் ஆர்க்டிக் கரையிலுள்ள யமால் தீபகற்பம் வரை போய் மன்னாருக்கே திரும்பியது. போக வர 19,000 கிலோமீற்றருக்கு மேல். யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் நின்று பார்க்கும் கடற்காகக் கூட்டத்தை அதன் பிறகு என்னால் சும்மா கடந்து போக முடிவதில்லை.

மற்ற வகை, 1978 முதல் இயங்கும் ஆர்கோஸ் முறை. கொடிகாமம் கடவையில் நின்று யாழ்தேவி ரயிலின் ஹோர்னைக் கேட்டிருப்பீர்கள். கிட்ட வரும்போது கூர்மையாகக் கேட்கும், கடந்து போனதும் தடித்துவிடும். பல நூறு கிலோமீற்றர் உயரத்தில் ஓடும் செய்மதி, கருவியின் வானொலி அலையில் ஏற்படும் இதே மாற்றத்தை அளந்துதான் இடத்தைக் கணக்கிடுகிறது. ஒரு செய்மதி நம் வானத்தைக் கடக்கப் பத்து நிமிடம் அளவில் எடுக்கும். அதற்குள் நான்கு செய்திகளாவது போய்ச் சேர்ந்தால்தான் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று சொல்ல முடியும். உப்புத் தண்ணீருக்குள்ளிருந்து வானொலி அலை வெளியே வராது. ஆமை மூச்சு விட மேலே வரும் அந்தச் சொற்ப நேரம்தான் வாய்ப்பு.

அதனால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு தரம் கொடுத்திருப்பார்கள். 3 என்றால் பிழை 250 மீற்றருக்குள், 2 என்றால் 500க்குள், 1 என்றால் 1,500க்குள், 0 என்றால் அதற்கும் மேல். ஏ, பி என்றால் செய்திகள் போதவில்லை, பிழையை மதிப்பிட முடியாது. இஸட் என்றால் விட்டுவிடுங்கள். ஆமைகளுக்குக் கிடைப்பதில் பெரும்பாலானவை ஏயும் பியும்தான்.

கொப்பியில் திகதி, நேரம், அகலாங்கு, நெட்டாங்கு, தரம் என்று ஐந்து நிரல் போடுங்கள். தளத்தில் இருக்கும் நேரம் உலகப் பொது நேரம். ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம். இந்த ஒன்றைக் கவனிக்காமல் எங்கள் முதல் மாதக் கணக்கில் இரவு பகலாகவும் பகல் இரவாகவும் மாறிப்போயிற்று.

பிறகு வேகம் பாருங்கள். நம் பக்கத்தில் ஒரு பாகை ஏறக்குறைய 110 கிலோமீற்றர். மாலை ஆறு மணிப் புள்ளிக்கும் மறுநாள் காலை ஆறு மணிப் புள்ளிக்கும் இடையில் 0.9 பாகை என்றால் மணிக்கு எட்டுக் கிலோமீற்றருக்கு மேல். கடலாமை அப்படி நாள் முழுக்க நீந்தாது. மணிக்கு ஐந்துக்கு மேல் வந்தால் சந்தேகப்படுவது ஆய்வாளரிடையே வழக்கம். ஒருமுறை ஒரு தடம் தரையைக் குறுக்கறுத்து அடுத்த பக்கக் கடலில் விழுந்திருந்தது. நான் அதிசயப்பட்டு அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "பிள்ளை, ஆமை முட்டை போடத்தான் கரைக்கு வரும். ஊரைக் கடந்து போகாது" என்றார். கொப்பியைப் புரட்டினேன், அந்தப் புள்ளிகள் எல்லாம் பி. அன்றிலிருந்து தரம் பார்க்காத புள்ளியை நாங்கள் வரைபடத்தில் வைப்பதில்லை.

புள்ளிகள் தேறியதும் கடலைப் பக்கத்தில் வையுங்கள். நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தில் ஒரு திகதியைக் கொடுத்தால் அன்றைய கடல்மேற்பரப்பு வெப்பநிலையும் பச்சையத்தின் அளவும் வரைபடமாக வரும். பச்சையம் நுண்ணிய மிதக்கும் தாவரங்களின் அடையாளம். அவை இருக்கும் இடத்தில் மீனுக்கும் தீனி இருக்கும். சோழகம் (தென்மேற்குப் பருவக்காற்று) வீசும் மாதங்களில் இலங்கையின் தெற்குக் கரையோரம் பச்சை நாடாவாக நீள்வதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். அடியிலிருந்து குளிர்ந்த, சத்துள்ள தண்ணீர் மேலெழும் இடம் அது. ஆனால் நம் பாக்குக் கடலில் பச்சையைக் கண்டவுடன் நம்பாதீர்கள். பெரும்பகுதி 15 மீற்றர் ஆழம்கூட இல்லாத இடம். கலங்கிய சேறும் அடித்தரையில் பட்டுத் திரும்பும் ஒளியும் செய்மதிக்குப் பச்சையமாகத் தெரியும். மாரியில் முகில் மூடினால் பச்சையப் படமே வராது. அந்த நாட்களுக்கு அப்பாவின் குறிப்புத்தான் எங்களுக்கு ஆதாரம்: வாடை எவ்வளவு பலம், தண்ணீர் எந்தப் பக்கம் இழுத்தது, நிறம் என்ன.

கடலுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் செய்மதி காணாது, அது மேல்தோலை மட்டும் பார்க்கும். அங்கே விலங்குகளே நமக்கு உதவுகின்றன. தென் சமுத்திரத்தில் யானைச் சீல்களின் தலையில் ஒட்டிய கருவிகள், அவை பல நூறு மீற்றர் மூழ்கும்போது வெப்பநிலையையும் உப்பின் அளவையும் அளந்து, மேலே வந்ததும் அனுப்புகின்றன. கப்பல் நுழைய முடியாத மாரிகாலப் பனிக்கடலின் ஆழம் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அவை தந்தது. தோல் உரிக்கும்போது கருவியும் கழன்றுவிடும். (தேடும்போது ஆர்கோஸையும் ஆர்கோவையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆர்கோ என்பது பத்து நாளுக்கொருமுறை 2,000 மீற்றர் ஆழத்திலிருந்து அளந்துகொண்டு மேலே வரும் மிதவைகள். வங்காள விரிகுடாவிலும் இருக்கின்றன.)

சைகை நின்றால் "செத்துவிட்டது" என்று எழுதாதீர்கள். பற்றரி முடிந்திருக்கலாம், அன்டெனா முறிந்திருக்கலாம், பாசி படிந்திருக்கலாம், கருவியே கழன்று விழுந்திருக்கலாம். நாங்கள் "கடைசிப் புள்ளி" என்று மட்டும் எழுதுவோம். 2022இல் ஐந்து மாதக் குஞ்சு ஒன்று, ஒரு பட்டைவால் மூக்கன், அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியா வரை 13,560 கிலோமீற்றரை 11 நாளில் இறங்காமல் பறந்ததைக் காட்டியது வெறும் ஐந்து கிராம் கருவி. அவ்வளவு சின்னப் பொருளிடம் இதற்கு மேல் கேட்க எனக்கு மனம் வருவதில்லை.

கடைசியாக, கடலுக்குப் போகிறவர்களுக்கு. கருவி பூட்டிய ஆமையோ பறவையோ வலையில் பட்டால் பயப்பட வேண்டாம். அது யாரையும் ஒற்றுக் கேட்கும் பொருள் அல்ல, தான் நிற்கும் இடத்தையும், சில கருவிகள் தண்ணீரின் வெப்பநிலை போன்றவற்றையும் மட்டுமே சொல்லும். உயிரோடு இருந்தால் கருவியைக் கழற்றாமல், அதிலுள்ள இலக்கம் தெரியப் படமெடுத்து விட்டுவிடுங்கள். இறந்திருந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். கருவியை வீட்டில் வைத்தாலும் பற்றரி உள்ளவரை அது அனுப்பிக்கொண்டே இருக்கும், தேடுகிறவர்கள் ஆமை ஊருக்குள் போய்விட்டதென்று குழம்புவார்கள். இலக்கத்தோடு நாள், நேரம், எத்தனை பாகம் ஆழத்தில் வலை போட்டது, வலைக்கண்ணின் அளவு என்ன என்பதையும் ஒரு தாளில் குறித்துக் கொடுங்கள்.