ஆக்சிஜன் குழாயால் மூக்கு காய்ந்து புண்ணாகிறதா? டெல்லி வீடுகளுக்கு ஒரு செய்முறை

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவியான கான்சென்ட்ரேட்டர் வீட்டுக்கு வந்த சில நாளிலேயே இந்தப் புகார் வந்துவிடும்: மூக்கு எரிகிறது, உள்ளே பொருக்குத் தட்டுகிறது, சிந்தினால் ரத்தக்கோடு தெரிகிறது. கருவிக்குள் இருக்கும் ஜியோலைட் என்ற கனிமம், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும்போது ஈரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. வெளியே வருவது வறண்ட வாயு. சிலிண்டரில் வருவதும் அப்படித்தான். போதாததற்கு டெல்லியில் ஜனவரியில் ஹீட்டர், மே மாதத்தில் லூ என்னும் வறண்ட அனல்காற்று.

எரிகிறது என்று ஃப்ளோவை, அதாவது நிமிடத்துக்கு ஓடும் ஆக்சிஜன் அளவைக் குறைக்காதீர்கள். டாக்டர் சொன்ன அளவு அப்படியே இருக்கட்டும். கூட்டவும் வேண்டாம். சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் ரத்த ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம் என்பதுதான் இலக்கு. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் 98 தெரியவேண்டும் என்று கூட்டினால் ரத்தத்தில் கரியமில வாயு சேரக்கூடும்.

1. எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வையுங்கள்

நம் வீடுகளில் மூக்கு காய்ந்தால் கை முதலில் போவது தேங்காய் எண்ணெய்க்கு. நெய், நல்லெண்ணெய், வாசலின், விக்ஸ் எல்லாமே இங்கே கூடாது. எண்ணெய்ப் பசையும் ஆக்சிஜனும் சேர்ந்த இடத்தில் ஒரு பொறி பட்டாலே குப்பென்று பற்றும். தினமும் மூக்கில் விடும் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்குள் இறங்கி, ஒருவகை நிமோனியாவையும் கொண்டுவரலாம். பாட்டியிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் இந்தச் செய்முறையிலேயே கஷ்டமான வேலை.

2. சலைன், பிறகு ஜெல்

மருந்துக்கடையில் சோடியம் குளோரைடு 0.65% சலைன் ஸ்ப்ரேயோ சொட்டோ கேளுங்கள். அட்டையில் ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் என்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவை மூக்கடைப்புக்கான மருந்து. சில நாள் தொடர்ந்து போட்டால் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். ஒரே பிராண்டு பெயரில் இரண்டு வகையும் வருவதுண்டு, அதனால் பெயரை நம்பாமல் சேர்மானத்தைப் படியுங்கள்.

சலைனை ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை போடலாம். காலையிலும் படுக்கும் முன்னும், சலைன் போட்டு ஐந்து நிமிடம் கழித்து, தண்ணீரில் கரையும் ஜெல்லை மூக்குத்துளையின் வாய்ப்பகுதியில் மட்டும் மெல்லியதாகத் தடவுங்கள். பயறளவு போதும். பொருக்கை நகத்தால் பெயர்க்காதீர்கள், ஈரத்தில் அதுவே ஊறி வரும். கடையில் வெறுமனே ‘ஜெல்லி’ என்று கேட்டால் லிக்னோகெய்ன் ஜெல்லியை எடுத்துக் கொடுத்துவிடலாம். அது மரத்துப்போக வைக்கும் மருந்து, தினம் தடவுவதற்கல்ல.

3. கேனுலாவைப் பாருங்கள்

கேனுலா என்பது மூக்கில் மாட்டும் இரட்டை முனைக் குழாய். அந்த முனையின் வளைவு கீழ்நோக்கி, மூக்கின் உட்புற வளைவோடு ஒத்துப்போக வேண்டும். திருப்பி மாட்டினால் முனை நடுச்சுவரில் இடித்துக்கொண்டே இருக்கும். புண் எப்போதும் ஒரே இடத்தில் வந்தால் இது காரணமாக இருக்கலாம். தாடைக்குக் கீழே உள்ள வளையத்தை ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்த்துங்கள். இரண்டு வாரத்துக்கொரு முறை புதிது மாற்றுங்கள். பழசானால் பிளாஸ்டிக் விறைத்துப்போகும். சாதாரண பிவிசியைவிட சிலிகான் கேனுலா மென்மையானது, கூடுதல் விலைக்குத் தகும். யூசுஃப் சராயிலும் பகீரத் பேலஸிலும் உள்ள சர்ஜிகல் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

4. ஹியூமிடிஃபயர் பாட்டில்

ஆக்சிஜனைத் தண்ணீர் வழியே குமிழவிட்டு ஈரமாக்கும் பாட்டில் இது. நிமிடத்துக்கு 4 லிட்டருக்கு மேல் ஓடினால் பொதுவாக இது வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் பலருக்கு முதல் மூன்று படிகளே போதும். டெல்லி குளிரில் 2 லிட்டரிலும் சிலருக்குத் தேவைப்படும், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊற்ற வேண்டியது மருந்துக்கடை டிஸ்டில்டு வாட்டர். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு விற்கும் தண்ணீர் வேண்டாம், அதன் சுத்தம் பேட்டரிக்குத்தான். குழாய்த் தண்ணீரின் உப்பு அடியிலுள்ள குமிழ்முனையை அடைத்துவிடும். அவசரத்துக்கு ஆர்ஓ தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்து ஒருநாள் ஓட்டலாம். பாட்டிலில் போட்டிருக்கும் இரண்டு கோடுகளுக்கு நடுவே மட்டும் ஊற்றுங்கள். மிச்சத்தின் மேலேயே ஊற்றி நிரப்பாமல் தினமும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். இரண்டு நாளுக்கொருமுறை சோப்பு நீரில் கழுவி, வாரம் ஒருமுறை ஒரு பங்கு வெள்ளை வினிகர், மூன்று பங்கு தண்ணீரில் அரைமணி ஊறவைத்து, நன்றாக அலசிக் காயவையுங்கள். யூகலிப்டஸ் தைலம் ஒரு சொட்டுகூட உள்ளே போகக்கூடாது.

பெரும்பாலும் சறுக்குவது மூடியில்தான். மரை கோணலாக ஏறியிருந்தாலும் பார்வைக்கு மூடியதுபோலவே இருக்கும். கருவியில் ஓட்டத்தைக் காட்டும் ஃப்ளோ மீட்டரின் பந்து, வைத்த அளவிலேயே, 2 லிட்டர் என்றால் 2 லிட்டரிலேயே நிற்கும், பாட்டிலில் குமிழியும் வரும். ஆனால் பாதி வாயு மூடியோரம் கசிய, மூக்குக்கு வருவது குறைந்துவிடும். பந்து காட்டுவது பாட்டிலுக்குள் போகும் அளவை மட்டும்தான். வறட்சிக்காகப் பாட்டில் மாட்டிய அன்றே ஆக்சிமீட்டர் அளவு இறங்கினால் முதலில் இங்கே பாருங்கள்.

மூடியை வைத்து, முதலில் இடப்பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் ‘டக்’ என்று லேசாக இறங்கும். அங்கிருந்து வலப்பக்கம் திருகினால் மரை நேராக ஏறும். கழுவும்போது உள்ளேயிருக்கும் வாஷர் சிங்க்கோடு போய்விடவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கருவியை ஓடவிட்டு, பாட்டிலிலிருந்து வெளியேறும் குழாயை மடித்துப் பிடியுங்கள். சில விநாடியில் மூடியிலுள்ள பாதுகாப்பு வால்வு விசிலடிக்கவேண்டும், பந்தும் இறங்கவேண்டும். சத்தமே இல்லை, பந்தும் அசையவில்லை என்றால் கசிகிறது. கடைசியாகக் கேனுலா முனையைச் சுத்தமான தண்ணீர் டம்ளரில் முக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் உதறித் துடைத்து மாட்டலாம்.

5. அறை

அறையில் 40 முதல் 50 சதவீத ஈரப்பதம் இருந்தால் மூக்குக்கு இதம். சிறிய ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். கம்பி சிவந்து எரியும் குவார்ட்ஸ் ஹீட்டரும் அங்கீட்டி என்னும் கரியடுப்பும் அந்த அறைக்குள் வரவே கூடாது. ஆயில் ரேடியேட்டர் பரவாயில்லை, அதுவும் தள்ளியே இருக்கட்டும். பூஜை அலமாரி அதே அறையில் இருந்தால் விளக்கு, ஊதுபத்தி, கற்பூரத்தை வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்.

பின்சேர்க்கை: குழாயில் தண்ணீர் தேங்குகிறது

பாட்டில் மாட்டியவர்கள் அடுத்துக் கேட்பது இதைத்தான். ஈரமான வாயு ஜில்லென்ற மொசைக் தரையில் கிடக்கும் குழாயில் ஓடும்போது வியர்க்கிறது. குழாயைத் தரையிலிருந்து தூக்கிப் போர்வையோரமாகக் கொண்டுபோங்கள், தேவைக்கு மேல் நீளக் குழாய் வேண்டாம். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றினாலும் தண்ணீர் குழாய்க்குள் ஏறும். தேங்கியதைக் கழற்றி உதறிவிட்டு, பாட்டில் இல்லாமல் குழாயை நேரடியாகக் கருவியில் பொருத்திச் சில நிமிடம் ஓட்டினால் காய்ந்துவிடும். அதுவரை நோயாளிக்கு மாற்றுக் குழாய் மாட்டியிருங்கள்.

ரத்தம் வந்தால்

முன்னால் குனிந்து உட்காரவைத்து, மூக்கின் மென்பகுதியைப் பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். அதுவரை கேனுலாவை வாயருகே வைத்து ஆக்சிமீட்டரைக் கவனியுங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் ஆஸ்பத்திரி. வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போல ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் என்றால், நின்றாலும் அன்றே டாக்டருக்குச் சொல்லிவிடுங்கள்.