பழைய ஃபோர் வீல் டிரைவ் எஸ்யூவி வாங்குவோர் செய்யும் தவறுகள்

பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடிய ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டியைப் பார்க்கப் போகிறவர்களில் பலர் அதையும் ஒரு சாதாரணக் காரைப் போலவே பார்க்கிறார்கள். பெயின்ட் மங்காமல் இருக்கிறதா, ஏசி குளிர்கிறதா, இருக்கை கிழிந்திருக்கிறதா என்று பார்த்து, தெருவில் ஒரு சுற்று ஓட்டியதும் விலை பேச உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆனால் இந்த வண்டியைக் காரிலிருந்து வேறுபடுத்தும் பாகங்களான டிரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி), முன்பக்க டிஃபரன்ஷியல் (வளைவில் இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் கியர் அமைப்பு), அவற்றுக்கு விசையைக் கொண்டுபோகும் இரண்டு புரொப்பல்லர் ஷாஃப்ட்டுகள், இவற்றையெல்லாம் சுமக்கும் ஏணி வடிவச் சேஸிஸ் ஆகிய அனைத்தும் கண்ணுக்குத் தெரியாமல் கீழே இருக்கின்றன. பிற்பாடு பெருஞ்செலவு வைப்பவையும் பெரும்பாலும் இவையே. எனவே அழுக்கானாலும் பரவாயில்லை என்ற உடையோடு, கையில் ஒரு டார்ச்சும் கீழே விரிக்க ஒரு பழைய பாயும் கொண்டு போகாதவர் பாதி வண்டியைத்தான் பார்த்துத் திரும்புகிறார். வெறும் ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் மட்டும் ஒருபோதும் நுழையக் கூடாது. நல்ல வேளையாக, இவ்வகை வண்டிகளின் உயரத்துக்கு ஜாக்கி இல்லாமலே ஒருவர் அடியில் படுத்துப் பார்த்துவிடலாம்.

கீழே முதலில் பார்க்க வேண்டியது துரு. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் கழற்றி மாற்றிவிடலாம். அரித்துப்போன சேஸிஸை மாற்றுவது கிட்டத்தட்ட வண்டியையே மாற்றுவதற்குச் சமம். கடலோரத்தில் ஓடிய வண்டிகளும், பனிக்காலத்தில் உப்பு தூவப்படும் சாலைகளில் ஓடிய வண்டிகளும் இதில் மிகவும் அடிபட்டவை. இது உரிமையாளர்களின் கவனக்குறைவால் மட்டும் வருவதும் அல்ல. டொயோட்டாவின் டகோமா, டண்ட்ரா, செக்வோயா வண்டிகளில் குறிப்பிட்ட சில ஆண்டுகளின் சேஸிஸ் துரு தொடர்பான வழக்கில், அந்நிறுவனம் 2016-இல் அமெரிக்காவில் உடன்பாட்டுக்கு வந்து, சேஸிஸை ஆய்வு செய்து, தேவைப்பட்டால் மாற்றித் தரவும் ஒப்புக்கொண்டது. மேலோட்டமான செந்துரு பழைய வண்டியில் இயல்பானது. அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது, விற்பனைக்குச் சற்று முன் அடிக்கப்பட்ட கறுப்புப் பூச்சைக் கண்டுதான். நான் பார்க்கப் போன ஒரு வண்டியின் அடிப்பகுதி அதன் மேற்பகுதியைவிடப் புதிதாக இருந்தது. சிறு சுத்தியலால் முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே போனேன். கணீரென்று ஒலித்துக்கொண்டிருந்த இரும்பு, பின் ஆக்சிலுக்கு மேலே சேஸிஸ் வளைந்து ஏறும் இடத்தில் 'தப்' என்றது. அடுத்த தட்டில் பூச்சோடு சேர்ந்து ஓர் ஏடு பெயர்ந்து என் தோளில் விழுந்தது. விற்பவரின் முகத்தைப் பார்த்தால், அது அவருக்கே தெரியாது என்றுதான் தோன்றியது.

அடுத்தது, ஃபோர் வீல் டிரைவைப் போட்டே பார்க்காமல் வாங்குவது. நம்பக் கடினமாக இருந்தாலும், இது மிகச் சாதாரணமாக நடக்கிறது. லிவரைத் தள்ளியதும் டேஷ்போர்டில் விளக்கு எரிந்தால் போதும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றும் பார்ட் டைம் வகை வண்டிகளில் லிவருக்கும் முன்சக்கரத்துக்கும் இடையே ஃப்ரீ வீல் ஹப் (முன்சக்கரத்தை ஷாஃப்ட்டோடு சேர்க்கவும் பிரிக்கவும் செய்யும் பூட்டு), வேக்கம் குழாய்கள், சிறு மோட்டார் என மாடலுக்கு ஏற்பப் பல கண்ணிகள் இருக்கின்றன. அவற்றில் ஏதாவது அறுந்திருந்தால், விளக்கு எரிந்தும் முன்சக்கரம் இழுக்காமல் இருக்கலாம். ஆகவே தளர்ந்த மண்ணோ சரளைக்கல்லோ உள்ள இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோய், ஃபோர் ஹையில் (நான்கு சக்கர இயக்கத்தின் சாதாரண வேக நிலை) மெதுவாக ஓட்டி, ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து ஒரு வட்டம் போட வேண்டும். சென்டர் டிஃபரன்ஷியல் (முன், பின் ஷாஃப்ட்டுகளை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் அமைப்பு) இல்லாத வண்டி உண்மையிலேயே நான்கு சக்கரத்திலும் இழுக்கிறது என்றால், வளைவில் யாரோ பிடித்து இழுப்பது போல் சற்றுத் திணறும்; அந்தத் திணறல் கோளாறு அல்ல, இயக்கம் சேர்ந்திருப்பதற்கான அடையாளம். பிறகு வண்டியை நிறுத்தி, நியூட்ரலுக்கு வந்து, ஃபோர் லோவுக்கு (குறைந்த வேகத்தில் அதிக இழுவிசை தரும் நிலை) மாற்ற வேண்டும். லோவில் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விடும்போது லிவர் தானாக வெளியே குதித்தால் டிரான்ஸ்ஃபர் கேஸின் உள்ளே தேய்மானம் இருக்கிறது. இதே சோதனையைக் காய்ந்த தார்ச்சாலையில் செய்வது வேறொரு தவறு. வளையும்போது முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் கடக்கும் தூரம் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டை மண்ணில் டயர் வழுக்கித் தீர்த்துக்கொள்ளும், தாரில் அதற்கு வழியில்லாமல் ஷாஃப்ட்டுகளில் முறுக்கு ஏறும்.

இங்கே வாங்குபவர் தாம் பார்ப்பது எந்த வகை என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டிருக்க வேண்டும். சுசுகி ஜிம்னி பார்ட் டைம் வகை. மிட்சுபிஷி பஜேரோவில் 1991-இல் வந்த சூப்பர் செலக்ட் அமைப்பில் சென்டர் டிஃபரன்ஷியல் இருப்பதால், அதைப் பூட்டாத நிலையில் தார்ச்சாலையிலும் நான்கு சக்கரத்தில் ஓட்டலாம். லேண்ட் குரூசர் 80 வரிசையிலோ இரு வகையுமே வந்தன. எப்போதும் நான்கு சக்கரத்திலும் இழுக்கும் வண்டிகளில் டயர்களையும் கூர்ந்து பார்க்க வேண்டும்: இரண்டு புதியவை, இரண்டு தேய்ந்தவை என்று இருந்தால், சுற்றளவு வேறுபாட்டின் காரணமாக நேர்ச்சாலையில்கூட சென்டர் டிஃபரன்ஷியலோ விஸ்கஸ் கப்ளிங்கோ (கெட்டியான திரவத்தின் மூலம் முன், பின் ஷாஃப்ட்டுகளை இணைக்கும் பாகம்) ஓயாமல் உழைத்துச் சூடேறியிருக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அதன் வயதைச் சொல்லும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

"இந்த வண்டி மண்ரோடே பார்த்ததில்லை" என்று விற்பவர் சொன்னால், அதைக் கேட்டு மகிழ்ந்துபோவது இன்னொரு தவறு. ஆண்டுக்கணக்கில் போடப்படாத ஃபோர் வீல் டிரைவ் லிவர் இறுகிப்போயிருக்கும். ஹப்புகள் உள்ளேயே துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கத்து ஆயில்களை யாரும் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். மாறாக, மாதமொரு முறை மலையேறிய, ஆனால் ஒவ்வொரு முறையும் கழுவி ஆயில் பார்க்கப்பட்ட வண்டியை நான் தயங்காமல் தேர்ந்தெடுப்பேன். தண்ணீரில் இறங்கியதா என்பதை டிஃபரன்ஷியல் ஆயிலே காட்டிக்கொடுத்துவிடும். ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த நீரில் மூழ்கும்போது உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் (காற்று போய்வரும் சிறு துளை) அடைத்திருந்தால் சீல் வழியாகவே தண்ணீரை உறிஞ்சிவிடும். அப்படித் தண்ணீர் புகுந்த ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறியிருக்கும். ஆயில் விடும் திருகைக் கழற்றிச் சிறுவிரல் நுனியால் தொட்டுப் பார்க்க விற்பவர் ஒப்புக்கொண்டால், ஐந்து நிமிட வேலை. வெள்ளத்தில் நின்ற வண்டியின் கதையோ வேறு. அதைச் சீட்டை நகர்த்தும் தண்டவாளத்தின் இடுக்கிலும், கார்ப்பெட்டின் அடியிலும், ஃபியூஸ் பெட்டியின் மூலையிலும் தங்கிவிட்ட வண்டல் சொல்லிவிடும்.

முன்பக்கம் முழு ஆக்சில் உள்ள லேண்ட் குரூசர் 80, நிஸான் பேட்ரோல் போன்றவற்றில், முன்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள பந்து வடிவ உறையைத் துடைத்துப் பார்க்க வேண்டும். மெல்லிய கிரீஸ் படலம் இருக்கலாம். ஆனால் நீர்த்த, ஒழுகும் எண்ணெய் தெரிந்தால், உள் சீல் போய் டிஃபரன்ஷியல் ஆயில் கிரீஸோடு கலந்துவிட்டது என்று பொருள். சீல் விலை அற்பம். அதை மாற்ற முன்பக்கத்தையே பிரிக்க வேண்டும் என்பதுதான் சங்கடம்.

இன்ஜினைப் பொறுத்தவரை, சூடான இன்ஜினைப் பார்த்துத் திருப்திப்படுவதே முதன்மையான தவறு. போன உடனே பானட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் காலைநேரத்து முதல் ஸ்டார்ட்டை உங்களுக்குக் காட்ட விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டு, இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். டைமிங் பெல்ட் உள்ள டீசல் இன்ஜின்களில் பலவற்றுக்கு 1 லட்சம் முதல் 1.5 லட்சம் கிலோமீட்டருக்குள் அதை மாற்றச் சொல்லியிருப்பார்கள். மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கில் கொள்ள வேண்டும், ஏனெனில் பெல்ட் அறுந்தால் வால்வுகளும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயிலை ரேடியேட்டருக்குள்ளேயே குளிர்விக்கும் வண்டிகளில், கூலன்ட் மூடியைத் திறந்தும் (இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும்) பார்க்க வேண்டும். உள்சுவர் உடைந்தால் இரண்டும் கலந்து ரோஸ்மில்க் போல் ஆகிவிடும்; கூடவே கியர்பாக்ஸும் போய்விடும். 2005 முதல் 2010 வரையிலான நிஸான் பாத்ஃபைண்டர்களில் இது பரவலாக அறியப்பட்ட கோளாறு.

உயர்த்தப்பட்ட சஸ்பென்ஷன், பெரிய டயர், கூடுதல் விளக்குகள் ஆகியவற்றுக்காக அதிக விலை கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வண்டியை உயர்த்தும்போது ஷாஃப்ட்டுகளின் கோணம் மாறி, சக்கரம் திரும்பினாலும் ஏறி இறங்கினாலும் விசையைக் கடத்தும் மூட்டுகளான சிவி ஜாயின்ட்டுகள் சீக்கிரம் தேய்கின்றன. பெரிய டயரால் ஸ்பீடோமீட்டர் உண்மையைவிடக் குறைவான வேகத்தைக் காட்டும். ஓடோமீட்டரும் அதே அளவுக்குக் குறைத்தே எண்ணியிருக்கும். காசு வாங்காமல் கொடுத்தாலும் யோசிக்க வேண்டியவை, முறுக்கிச் சுற்றி டேப் ஒட்டிய ஒயர்கள்.

ஆவணங்களில் பார்க்க வேண்டியது அதிகமில்லை. ஆனால் அதைக் காகிதத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. சேஸிஸில் நேரடியாகப் பொறிக்கப்பட்ட எண்ணைத் துடைத்து, ஓர் எழுத்து விடாமல் ஒப்பிட வேண்டும். அந்த இடத்தில் மட்டும் கிரைண்டர் ஓடிய தடமோ புதுப் பூச்சோ இருந்தால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம்.

கடைசித் தவறு, கையில் உள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடுவது. எவ்வளவு நன்றாகப் பராமரிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டாலும், வாங்கிய முதல் வாரத்திலேயே இன்ஜின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு டிஃபரன்ஷியல்கள் என எல்லா ஆயிலையும் மாற்றிவிட வேண்டும். கூலன்ட், பிரேக் ஆயில், ரப்பர் குழாய்கள் ஆகியவற்றுக்கும் பணம் ஒதுக்கியிருக்க வேண்டும். பழைய ஆயிலை வடிக்கும்போது மெக்கானிக்கின் அருகிலேயே நின்று, காந்தம் பொருத்திய திருகை வாங்கிப் பாருங்கள். மை போன்ற சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டு மாட்டச் சொல்லலாம். விரலில் குத்தும் சில்லுகள் இருந்தால், எந்தப் பல் உடைந்தது என்று பார்க்க மூடியைக் கழற்றச் சொல்ல வேண்டியதுதான்.