சிக்னல் குறைந்த இடத்திலும் திறக்கும் நோம்பி ஆல்பம்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

ஊர் மாரியம்மன் நோம்பி (திருவிழா) முடிந்த கையோடு, "படமெல்லாம் எப்பங்க வரும்?" என்ற கேள்வி வந்துவிடும். கோயம்புத்தூரில் வேலை பார்ப்பவர்களும் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர்களும் லிங்க் போன அடுத்த நிமிடமே ஆல்பத்தைப் பார்த்து முடித்திருப்பார்கள். ஊருக்கு வெளியே தோட்டத்துச் சாளை வீட்டில் இருக்கும் அம்மாயிக்கு (பாட்டிக்கு) அதே லிங்க் திறக்காது. "சாமி, வட்டமா சுத்தீட்டே இருக்குது, படத்தைக் காணம்" என்பார். பூவோடு (தீச்சட்டி) எடுத்தவரே அவர்தான். அவர் படத்தை அவரே பார்க்க முடியாவிட்டால் அந்த ஆல்பத்தை யாருக்காகப் போட்டோம்?

ஆல்பம் போடுகிறவர் பெரும்பாலும் வீட்டு வைஃபையில் உட்கார்ந்துதான் போடுவார். அவருக்கு எல்லாம் சட்டென்று திறக்கும், அதனால் குறை கண்ணில் படாது. பார்க்கிறவர்களின் நிலை வேறு. தோட்டங்காட்டு வீடுகள் டவரிலிருந்து தள்ளி இருக்கும், வாசலுக்கு வந்தால்தான் சிக்னல் பிடிக்கும். பர்கூர் மலை, கடம்பூர் மலை, தாளவாடி, வால்பாறைப் பக்கம் போய்விட்டால் மேடு பள்ளத்தைப் பொறுத்து சிக்னல் வரும், போகும். பண்ணாரி குண்டம் (தீமிதி) மாதிரி பெருங்கூட்டம் கூடும் இடத்தில் டவர் பக்கத்திலேயே இருந்தாலும் வேகம் படுத்துவிடும், ஏனென்றால் ஒரே டவரை அத்தனை பேரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. பல ரீசார்ஜ் திட்டங்களில் அன்றைய 1.5 ஜிபி தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். சாயங்காலம் வரை வீடியோ பார்த்த பேரனின் போனில்தான் ராத்திரி அம்மாயி படம் பார்ப்பார்.

இவர்கள் எல்லாருக்கும் திறக்கும்படி ஒரு ஆல்பம் போடுவது கஷ்டமில்லை. கணினி அதிகம் பழகாதவர்களும் செய்யலாம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

நெட் வேகத்தை பிட் கணக்கில் சொல்வார்கள், படத்தின் அளவை பைட் கணக்கில் சொல்வார்கள். 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆகவே 64 கேபிபிஎஸ் என்றால் நொடிக்கு 8 கேபி மட்டுமே இறங்கும். இன்றைய போனில் எடுத்த படம் ஒன்று 5 எம்பி இருந்தால், அந்த வேகத்தில் அது முழுதாக வர 10 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரே ஒரு படத்துக்கு! அதே படத்தை 250 கேபிக்குக் கொண்டுவந்தால் அரை நிமிடத்தில் வந்துவிடும். பார்க்க வேண்டும் என்ற ஆசை இருப்பவர் அரை நிமிடம் காத்திருப்பார், பத்து நிமிடம் காத்திருக்க மாட்டார்.

இன்னொரு கணக்கு. 600 படம், ஒவ்வொன்றும் 5 எம்பி என்றால் மொத்தம் 3 ஜிபி. 1.5 ஜிபி திட்டத்தில் இருப்பவருக்கு அது முழுசாக இரண்டு நாள் டேட்டா. 40 படம், ஒவ்வொன்றும் 250 கேபி என்றால் மொத்தம் 10 எம்பிதான். 1 எம்பிபிஎஸ் வேகமே கிடைத்தாலும் ஒன்றரை நிமிடத்துக்குள் எல்லாம் வந்துவிடும்.

படி 1: படங்களைக் கழித்துக் கட்டுங்கள்

எந்த மென்பொருளைவிடவும் இந்த வேலைதான் அதிகம் பயன் தரும். கோயில் முன் நட்ட கம்பத்தைச் சுற்றி ஆடும்போது தொடர்ச்சியாக எடுத்த 30 படத்தில் ஆட்டக்காரரின் கால் தரையிலிருந்து எழும்பிய ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுங்கள். ஒருவர் முகமாவது தெளிவாக இருக்கிறதா, அந்தப் படம் இல்லையென்றால் யாராவது வருத்தப்படுவார்களா என்று பார்த்தால் முடிவெடுப்பது சுலபம். ஒரம்பரை (உறவினர்) யாரையும் விட்டுவிடக்கூடாது என்பதற்காக ஒரே ஆளின் பத்துப் படத்தைப் போட வேண்டியதில்லை.

எடுத்து வைத்ததைப் பகுதி பகுதியாகப் பிரியுங்கள்: கம்பம் நடுதல், பூவோடு, மாவிளக்கு, மஞ்சள் நீராட்டு. ஒவ்வொன்றுக்கும் தனி ஃபோல்டர். மாவிளக்கு மட்டும் பார்க்க வேண்டும் என்பவர் மற்றதையெல்லாம் இறக்க வேண்டியிருக்கக் கூடாது.

படி 2: படத்தைச் சின்னதாக்குங்கள்

சாதாரண 12 மெகாபிக்சல் படம் 4000 பிக்சல் நீளமும் 3000 பிக்சல் அகலமும் கொண்டது. பெரும்பாலான போன்களின் திரை 720 அல்லது 1080 பிக்சல் அகலம்தான். மீதிப் பிக்சல்கள் எல்லாம் டேட்டாவைத் தின்றுவிட்டு, கண்ணுக்குத் தெரியாமலே போகின்றன. நீளப் பக்கம் 1600 பிக்சல் இருந்தால் விரலால் கொஞ்சம் பெரிதாக்கி முகம் பார்க்கவும் போதும்.

விண்டோஸ் கணினி இருந்தால் இர்ஃபான்வியூ போதும். 1996 முதல் இருக்கும் சிறிய மென்பொருள், வீட்டுப் பயன்பாட்டுக்கு இலவசம். ஸ்டுடியோ வைத்துத் தொழில் செய்பவர்கள் காசு கட்டி உரிமம் வாங்க வேண்டும். அதைத் திறந்து கீபோர்டில் B எழுத்தை அழுத்தினால், பல படங்களை ஒரே தடவையில் மாற்றும் பேட்ச் ஜன்னல் வரும். அதில் செய்ய வேண்டியது இதுதான்:

வலது பக்கம் உங்கள் ஃபோல்டரைத் தேர்ந்து 'ஆட் ஆல்' கொடுங்கள். இடது பக்கம் மேலே, மாற்றுவதோடு பெயரும் வைக்கும் மூன்றாவது வாய்ப்பைத் தேர்ந்து, வடிவம் ஜேபிஜி என்று வையுங்கள். அதன் பக்கத்திலுள்ள 'ஆப்ஷன்ஸ்' பொத்தானில் தரத்தை 75 முதல் 80க்குள் வையுங்கள். அதே இடத்தில் 'புரோகிரசிவ்' என்பதை டிக் செய்து, எக்ஸிஃப் தகவலை வைத்துக்கொள்ளும் டிக்கை எடுத்துவிடுங்கள். பிறகு 'அட்வான்ஸ்ட்' பொத்தானில் 'ரீசைஸ்' பகுதிக்குப் போய் நீளப் பக்கம் 1600 என்று கொடுங்கள். சின்னப் படங்களைப் பெரிதாக்க வேண்டாம் என்ற டிக்கும் அங்கேயே இருக்கும், அதையும் போடுங்கள். பெயர் வைக்கும் இடத்தில் 'பூவோடு-##' என்று கொடுத்தால் 01, 02 என வரிசையாக எண் விழும். கடைசியாக, புதுப் படங்கள் போய்ச் சேர வேறு ஒரு ஃபோல்டரை காட்டிவிட்டு 'ஸ்டார்ட்' கொடுங்கள். அசல் படத்தின் மேல் எக்காரணம் கொண்டும் எழுத விடாதீர்கள்.

ஏன் எக்ஸிஃபை எடுக்கச் சொல்கிறேன் என்றால், போனில் லொகேஷன் ஆன் ஆகி இருந்தால் படம் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் அதற்குள் பதிந்திருக்கும். சாளை வீட்டு வாசலில் நகையோடு நிற்கும் பெண்களின் படத்தோடு வீட்டு விலாசத்தையும் சேர்த்து வெளியே விட வேண்டாம். எக்ஸிஃபை எடுத்த பிறகு, போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த நெட்டுவாக்குப் படங்களை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், ஏதாவது ஒன்று படுத்திருந்தால் நிமிர்த்திச் சேமித்துவிடலாம்.

புரோகிரசிவ் என்பது மெதுவான நெட்டுக்கென்றே அமைந்த வசதி. சாதாரண ஜேபிஜி மேலிருந்து கீழாக வரி வரியாக இறங்கும், பாதியில் நின்றால் கோபுரம் மட்டும் தெரியும், ஆள் தெரியாது. புரோகிரசிவ் படம் முதலில் முழுசாக மங்கலாகத் தெரிந்து, போகப் போகத் தெளியும். யார் நிற்கிறார்கள் என்பது முதல் சில நொடியிலேயே புரிந்துவிடும்.

பூவோட்டுப் படங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இருட்டில், தீ வெளிச்சத்தில் எடுத்த படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் இருக்கும். ஒரே மாதிரியான பரப்பைத்தான் ஜேபிஜி நன்றாகச் சுருக்கும், இந்தப் புள்ளிகளை எல்லாம் அது விவரம் என்று நினைத்துக் காப்பாற்றப் பார்க்கும். அதனால் பகலில் எடுத்த படம் 250 கேபிக்கு வந்தால், அதே அமைப்பில் ராத்திரிப் படம் அதைவிடக் கனமாக நிற்கும். தரத்தை 60க்கு இறக்கினால் சட்டியின் நெருப்பைச் சுற்றிக் கட்டம் கட்டமாக விழும், சிவப்புச் சேலையின் ஓரம் கரையும். அதற்குப் பதில் தரத்தை 75லேயே விட்டுவிட்டு, நீளப் பக்கத்தை 1280 ஆக்குங்கள். சின்னதாக்கும்போது பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றாகக் கலந்து இரைச்சலும் தானாகக் குறையும். முகத்தில் விழும் அந்த மஞ்சள் வெளிச்சம் கெடாது.

கணினி இல்லையா? வீட்டில் இன்னொருவர் போனுக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணத் தரத்தில் அனுப்புங்கள். எச்டியும் வேண்டாம், டாக்குமெண்டாகவும் வேண்டாம். வாட்ஸ்அப்பே படத்தைச் சுருக்கி, இடத் தகவலையும் நீக்கிவிடும். அந்த போனில் இறங்கும் படங்களை வைத்து ஆல்பம் போடலாம். தரம் நம் கையில் இல்லை என்பது மட்டும்தான் குறை.

ஐபோன்காரர்கள் கொடுக்கும் படம் ஹெயிக் வடிவில் இருந்தால் ஜேபிஜியாக மாற்றாமல் ஏற்றாதீர்கள். பல பிரவுசர்களில் அது தெரியவே தெரியாது.

படி 3: எங்கே ஏற்றுவது

கூகுள் போட்டோஸில் ஷேர்டு ஆல்பம் போட்டு லிங்க் கொடுப்பது எல்லாருக்கும் தெரிந்த வழி. பார்ப்பவரின் திரைக்கு ஏற்ற சின்னப் படத்தை அதுவே அனுப்புகிறது, பார்க்க கணக்கும் தேவையில்லை. ஆனால் படம் வரும் முன்பே அந்தப் பக்கத்தின் நிரல் முழுவதும் இறங்க வேண்டும். 64 கேபிபிஎஸ்ஸில் அதற்கே பொறுமை போய்விடும்.

எனக்குப் பிடித்தது பிளாக்ஸ்பாட், அதாவது கூகுளின் பிளாக்கர். இலவசம், எளிய டெம்ப்ளேட் கிடைக்கும், பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பது நம் கையில் இருக்கும். பிளாக்கர் செட்டிங்ஸில் 'போஸ்ட்ஸ்' பகுதியில் லேஸி லோட், வெப்பி என்று இரண்டு சுவிட்ச் இருக்கும். இரண்டையும் ஆன் செய்யுங்கள். முதலாவது, கீழே இருக்கும் படங்களை விரலால் தள்ளி அங்கே போகும்போதுதான் இறக்கும். இரண்டாவது, வெப்பி புரியும் பிரவுசர்களுக்குப் படத்தை அந்த வடிவில் அனுப்பும். ஒத்த தரத்தில் அது ஜேபிஜியைவிட 25 முதல் 34 சதவீதம் வரை சிறியது என்பது கூகுள் தரும் கணக்கு.

படி 4: பக்கத்தை அடுக்குவது

ஒரு பகுதிக்கு ஒரு பதிவு, ஒரு பதிவில் 12 படம், அதற்கு மேல் வேண்டாம். எடிட்டரில் படத்தைச் சேர்த்தபின் அளவை மீடியம் என்று வையுங்கள். அப்போது பக்கத்தில் 320 பிக்சல் அகலச் சின்னப் படம் மட்டும் தெரியும், தொட்டால்தான் பெரிய படம் வரும். சின்னப் படம் ஒன்று 20 கேபி அளவில் இருக்கும், 12 சேர்ந்தாலும் 240 கேபி. வேண்டியதை மட்டும் தொட்டுப் பெரிதாகப் பார்த்துக்கொள்வார்கள்.

ஏற்கெனவே பெரிய படங்களாக ஏற்றிவிட்ட பழைய பதிவுகளையும் சரிசெய்யலாம். எச்டிஎம்எல் பார்வைக்குப் போனால் படத்தின் முகவரி நடுவே எஸ் என்ற ஆங்கில எழுத்தும் ஒட்டினாற்போல் ஓர் எண்ணும் இருக்கும். எஸ் 4000 என்று இருப்பதை எஸ் 1600 ஆக்கினால், படத்தை மறுபடி ஏற்றாமலே பிளாக்கர் சின்னதாக அனுப்பும்.

ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் எண்ணும் ஒரு வரியும் எழுதுங்கள்: "பூவோடு 07, கிணற்றுப் பாதை முக்கில் ஊர்வலம் திரும்புகிறது." எழுத்து சில பைட்டுகளில் வந்துவிடும், படம் வரும்வரை அதைப் படித்துக்கொண்டிருக்கலாம்.

பார்வையாளர் எண்ணிக்கை காட்டும் பெட்டி, ஓடும் எழுத்து, அழகு எழுத்துரு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். சிக்னல் மோசமான இடத்தில் வேகத்தைவிடப் பெரிய தொல்லை, ஒவ்வொரு கோப்பைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம். ஒவ்வொரு பெட்டியும் அப்படி ஒரு காத்திருப்பைக் கூட்டுகிறது. ஆண்ட்ராய்டு போனில் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது, அது போதும். ஜமாப் மேளம் அடிக்கும் வீடியோவைப் பதிவுக்குள் பதிக்காதீர்கள். யூடியூப் லிங்க்கை ஒரு வரியாகக் கீழே கொடுங்கள்.

படி 5: அவர்கள் வேகத்தில் நீங்களே பாருங்கள்

கணினியில் குரோமில் பக்கத்தைத் திறந்து எஃப்12 அழுத்துங்கள். 'நெட்வொர்க்' பகுதியில் வேகத்தைக் குறைக்கும் பட்டியல் இருக்கும், அதில் 3ஜி தேர்ந்து பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். கீழே மொத்தம் எத்தனை கேபி இறங்கியது என்றும் காட்டும். போனில் பார்ப்பதென்றால் இன்காக்னிட்டோ ஜன்னலில் திறங்கள், முன்பே இறங்கிய படங்களைக் காட்டி ஏமாற்றாது. இரண்டையும்விட நல்ல சோதனை, சிக்னல் ஒரு கோடு காட்டும் தோட்டத்தில் இருக்கும் ஒருவரிடம் முதலில் அனுப்பி, "திறக்குதுங்களா?" என்று கேட்பது.

படி 6: அனுப்புவது

குரூப்பில் வெறும் லிங்க்கை மட்டும் போடாதீர்கள். "மாவிளக்கு, 12 படம், எல்லாம் பார்த்தால் 3 எம்பி" என்று எழுதி அதன் கீழ் லிங்க்கைப் போடுங்கள். டேட்டா எவ்வளவு போகும் என்று தெரிந்தால் பயமில்லாமல் தொடுவார்கள். நாலு பகுதிக்கும் நாலு செய்தி. அனுப்புவதற்கு விடியற்காலை நல்ல நேரம், அன்றைய டேட்டா தீர்ந்திருக்காது, டவரிலும் நெருக்கடி குறைவு.

நெட்டே எட்டாத வீடுகளுக்கு அதே சின்னப் படங்களை மெமரி கார்டில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். 40 படத்துக்கும் சேர்த்து 10 எம்பி என்பதால் எந்தப் பழைய கார்டிலும் அடங்கும்.

பிரேம் போட வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். 1600 பிக்சல் படம் 4க்கு 6 அங்குலப் பிரிண்டுக்குச் சரியாக இருக்கும், 12க்கு 18 என்று போனால் முகம் உடையும். அதனால் ஆல்பத்தின் அடியிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்: "பெரிய பிரிண்டுக்கு அசல் வேண்டுமென்றால் பட எண்ணைச் சொல்லுங்கள்." பூவோடு 07 என்று எண் வந்ததும் அந்த ஒரு படத்தின் அசலை மட்டும் எடுத்து, வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பினால் தரம் குறையாமல் போய்ச் சேரும்.