மூட்டை தூக்குற இடத்துல முதுகு போகாம இருக்க என்ன செய்யணும்? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு ஸ்டெப் பை ஸ்டெப்

குடோன், மளிகை மொத்தக் கடை, சிமெண்ட் டிப்போ, ஹார்டுவேர் கடை, இந்த மாதிரி நாள் பூரா லோடு ஏத்தி இறக்குற இடம் வச்சிருக்கவங்க, இல்ல அங்க புதுசா சூப்பர்வைசரா சேந்தவங்க, உங்களுக்காகத்தான் இத எழுதுறேன். நம்ம ஊர்ல இதுக்கு பெரும்பாலும் குடுக்குற ஒரே ட்ரெயினிங் "பாத்து தூக்குப்பா"ங்கிறதுதான், கொஞ்சம் பெரிய கம்பெனின்னா முட்டிய மடக்கி பெட்டி தூக்குற படம் ஒண்ணு சுவத்துல ஒட்டியிருப்பாங்க. ஆனா தூக்குற முறைய மட்டும் சொல்லிக் குடுத்தா முதுகுவலி குறையுதான்னு காக்ரேன்ங்கிற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு பல ஆய்வுகள ஒண்ணா சேத்து பாத்துச்சு, குறையுதுங்கிறதுக்கு உருப்படியான ஆதாரம் கிடைக்கல. அதனால இந்த பதிவுல தூக்குற முறை கடைசிக்கு கிட்டத்தான் வரும். அதுக்கு முன்னாடி வர்றது எல்லாம் கடை நடத்துறவர் கையில இருக்கிற வேலை.

உதாரணத்துக்கு ஒரு மளிகை மொத்தக் கடைய எடுத்துக்கலாம்: 25 கிலோ அரிசி சிப்பம், 50 கிலோ சர்க்கரை மூட்டை, எண்ணெய் டின், லோடுமேன் நாலு பேர்.

ஸ்டெப் 1: ஒரு லோடு முழுசா இறங்குறத கூடவே நின்னு பாருங்க

கையில ஒரு நோட்டு, அளக்குற டேப் ஒண்ணு. லாரி கதவு தொறந்ததுல இருந்து கடைசி மூட்டை அட்டில, அதாவது மூட்டைய ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குற இடத்துல, ஏறுற வரைக்கும் அங்கயே இருங்க. என்ன தூக்குறாங்க, எவ்வளவு கிலோ, எந்த உயரத்துல இருந்து எந்த உயரத்துக்கு, எத்தனை அடி நடக்குறாங்க, வழியில படி இருக்கா, திரும்பும்போது இடுப்ப முறுக்குறாங்களா, அவ்வளவும் எழுதுங்க. எடை தெரியலன்னா குத்துமதிப்பா போடாதீங்க, தராசுல வச்சு பாருங்க. நாம சாதாரணமா நினைக்கிற சாமானே பல நேரம் ரொம்ப கனமா இருக்கும், வீட்டு கேஸ் சிலிண்டர்ல கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போட சேத்தா கிட்டத்தட்ட 30 கிலோ.

அதுக்கப்புறம் மொத்தத்த கணக்கு போடுங்க, நிறைய பேர் விட்டுர்றது இததான். 25 கிலோ சிப்பம் 400 இறங்குதுன்னா 10 டன். நாலு பேர்னா ஆளுக்கு ரெண்டரை டன். அதே சிப்பம் குடோன்ல இருந்து கடைக்கு, கடையில இருந்து கஸ்டமர் வண்டிக்குன்னு இன்னும் ரெண்டு தடவை கை மாறுதுன்னா ஆளுக்கு ஏழரை டன். ஒரு மூட்டை எடைய மட்டும் பாத்தா இது கண்ணுக்கே தெரியாது.

கடைசியா லோடுமேன்கள்ட்ட கேளுங்க, "அண்ணே, இதுல எது உங்கள ரொம்ப படுத்துது?" நீங்க 50 கிலோ சர்க்கரைய சொல்வாங்கன்னு நினைப்பீங்க, அவங்க ஒருவேளை அட்டியோட அடி வரிசையையோ வாசல்ல உடைஞ்சு கெடக்குற தரையையோ சொல்லலாம். தெனம் தூக்குறவருக்குத்தான் அது தெரியும், அவர் சொல்றத அப்படியே எழுதிக்கோங்க.

ஸ்டெப் 2: எடையோட தூரத்தையும் உயரத்தையும் சேத்து பாருங்க

இத புரிஞ்சுக்கிட்டா மீதி எல்லாம் ஈஸி. முதுகுத்தண்ட நடுவுல வச்ச ஒரு சீசா பலகையா நினைச்சுக்கோங்க. ஒரு பக்கம் கையில இருக்கிற மூட்டை, இன்னொரு பக்கம் முதுகுத் தசை. தசை தண்டுல இருந்து சுமார் 5 செ.மீ. தள்ளித்தான் இருக்கு. 20 கிலோவ தண்டுல இருந்து 40 செ.மீ. தள்ளி புடிச்சா தசை 160 கிலோவுக்கு இழுத்தாதான் சமமாகும், அதே 20 கிலோவ 20 செ.மீ.க்கு கொண்டு வந்தா 80 கிலோ போதும். இதுல நம்ம உடம்போட எடைய சேக்கவே இல்ல, குனிஞ்சா அதுவும் முன்னாடி சாஞ்சு கூட சேந்துக்கும். இந்த அழுத்தம் எல்லாம் இடுப்புக்கு கிட்ட இருக்கிற கடைசி ரெண்டு டிஸ்க்ல (எலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கிற ஜவ்வு) போய் உக்காருது, ஜவ்வு விலகிருச்சுன்னு டாக்டர் சொல்றது அதிகமா இந்த இடத்துலதான்.

எவ்வளவு தூக்கலாம்னு ஒரே நம்பர் கேப்பாங்க, அப்படி ஒண்ணு கிடையாது. பிரிட்டன் தொழில் பாதுகாப்புத் துறை குடுத்திருக்கிற வழிகாட்டி எனக்கு ரொம்ப உபயோகமா தெரியுது. இடுப்பு உயரத்துல உடம்போட ஒட்டி தூக்குறதுக்கு ஆம்பளைக்கு 25 கிலோ, பொம்பளைக்கு 16 கிலோ. தரையில இருந்து எடுக்கணும்னா 10, 7. தரையில இருந்து, அதுவும் கைய நீட்டி எடுக்கணும்னா வெறும் 5, 3. ஒரு மணி நேரத்துக்கு சுமார் 30 தடவை வரைக்கும்தான் இந்த கணக்கு, அதுக்கு மேல போனா இன்னும் குறைக்கணும். இது சட்ட வரம்பு இல்ல, தாண்டுனா அந்த வேலைய நல்லா ஆராயணும்னு அர்த்தம். அமெரிக்காவுல தொழில் பாதுகாப்ப ஆராயுற அரசு அமைப்பான நியாஷோட (NIOSH) சூத்திரமும் எல்லாம் தோதா இருந்தாலே 23 கிலோவுல இருந்துதான் கணக்கையே தொடங்குது.

சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967ல ஆம்பளைக்கு 55 கிலோவுக்கு மேல போகக்கூடாதுங்கிற மாதிரி பரிந்துரை குடுத்துச்சு. அத புடிச்சுக்கிட்டு "50 கிலோ சிமெண்ட் மூட்டை ஓகேதானே"ன்னு சொல்றவங்க உண்டு. 55ங்கிறது உச்ச வரம்பு, தெனம் நூறு தடவை தூக்குறதுக்கான அளவா அத எடுத்துக்கவே கூடாது.

ஸ்டெப் 3: தூக்குறதையே குறைங்க

முக்கியமான ஸ்டெப் இதுதான், உங்க காசையும் நேரத்தையும் இங்கதான் போடணும்.

முதல்ல வாங்குற இடம். சர்க்கரை, பருப்பு எது 25, 30 கிலோ சிப்பமா வருதோ அத கேட்டு வாங்குங்க. ஒரு காலத்துல 100 கிலோ மூட்டை சர்வசாதாரணம், அது 50 ஆச்சு, அரிசி 25க்கு வந்துருச்சு, வியாபாரம் ஒண்ணும் நின்னு போகல. ஆனா ஒரு விஷயம், எடைய பாதியாக்குனா தடவை ரெட்டிப்பாகும், அதனால ட்ராலியும் சேந்து வரணும்.

ரெண்டாவது வண்டி. மூட்டைக்கு ரெண்டு சக்கர ட்ராலி, லோடு பெருசுன்னா பேலட்டும் (மூட்டைய அடுக்கி வைக்கிற பலகைத் தட்டு) அத தள்ளுற ஹேண்ட் பேலட் ட்ரக்கும். ட்ராலி வாங்கி மூலையில போட்டு வச்சிருக்கிற கடைகள் ஏராளம், ஏன் யாரும் எடுக்கலன்னு பாத்தா வாசல்ல ரெண்டு இஞ்ச் படி இருக்கும், இல்ல தரையில பள்ளம் இருக்கும், இல்ல சக்கரத்துல காத்து இருக்காது. படிக்கு சரிவா சிமெண்ட் பூசுங்க, பள்ளத்த மூடுங்க, சக்கரத்த மாசம் ஒரு தடவை பாருங்க. ட்ராலி தோள விட லேட்டானா அத யாரும் தொடமாட்டாங்க, லாரி வாடகை ஓடிட்டு இருக்கும்போது அவங்கள குறை சொல்லவும் முடியாது. தள்ளுறது இழுக்குறத விட நல்லதுன்னும் சொல்லிக் குடுங்க.

மூணாவது உயரம். கனமான சாமான் முட்டிக்கும் தோளுக்கும் நடுவுல இருக்கணும். எண்ணெய் டின்ன தரையில வைக்காம ஒரு மரப்பலகை மேடை போட்டு அதுல வைங்க, அப்பளம் சேமியா மாதிரி லேசானது மேல் தட்டுக்கு போகட்டும். பெருசா காசு செலவில்லாத மாத்தம் இது. அட்டிய ஆள் உயரத்துக்கு மேல கையால ஏத்த விடாதீங்க, தலைக்கு மேல தூக்கும்போது முதுகும் போகும், அட்டி சரிஞ்சா ஆளும் போவார். இடம் பத்தலன்னா ஸ்டாக்க குறைச்சு அடிக்கடி வாங்குங்க.

நாலாவது லாரி நிக்கிற இடம். வாசலுக்கு இன்னும் பத்தடி கிட்ட நிறுத்த வச்சாலே 400 சிப்பத்துக்கு எத்தனை நடை மிச்சம்னு யோசிச்சு பாருங்க.

இடுப்பு பெல்ட் பத்தி கேக்குறவங்களுக்கு: நல்லா இருக்கிற தொழிலாளிக்கு பெல்ட் போட்டா அடிபடாதுன்னு சொல்ல ஆதாரம் இல்லன்னு நியாஷ் 1994லயே சொல்லிருச்சு. அந்த காசுக்கு ட்ராலி சக்கரம் மாத்துங்க.

ஸ்டெப் 4: ஆள பாருங்க

எல்லா உடம்பும் ஒண்ணு இல்ல. புதுசா வந்த பையன் கூட இருக்கிற அண்ணன்கள் வேகத்துக்கு ஓடணும்னு நினைப்பான், முதல் ரெண்டு வாரம் அவனுக்கு பாதி லோடு குடுங்க. கர்ப்பிணிப் பெண்கள கனம் தூக்க வைக்காதீங்க. ஏற்கனவே ஜவ்வு பிரச்சனையோ குடலிறக்கமோ வந்தவர் அத மறைக்கத்தான் பாப்பார், ஏன்னா சொன்னா கூலி போயிரும்னு பயம். சொன்னா ட்ராலி வேலையோ பில் சரிபாக்குற வேலையோ அதே கூலிக்கு தருவேன்னு நீங்க முன்கூட்டியே சொல்லியிருந்தாதான் உண்மை வெளிய வரும்.

வெயில் காலத்துல தண்ணியும் நிழலும் அவசியம். வேர்த்த கையில பிளாஸ்டிக் சாக்கு வழுக்கும், வழுக்குற மூட்டைய எட்டிப் புடிக்கிற அந்த ஒரு நொடியில இடுப்பு புடிச்சுக்கும். இன்னொண்ணு, தூங்கி எழுந்த முதல் ஒரு மணி நேரம் டிஸ்க் நீர் கோத்து விறைப்பா இருக்கும், அப்ப குனிஞ்சு தூக்குறது கூடுதல் ஆபத்து. விடியக்காலை லாரிக்கு ஆள படுக்கையில இருந்து எழுப்பி நேரா மூட்டை தூக்க விடாதீங்க, ஒரு டீ குடிச்சு கொஞ்சம் நடந்துட்டு வரட்டும். ராத்திரி பூரா ஓட்டிட்டு வந்த டிரைவரையும் இறங்குன உடனே கை குடுக்க கூப்பிடாதீங்க.

ஸ்டெப் 5: இனி தூக்கலாம்

இவ்வளவுக்கு அப்புறமும் கையால தூக்க வேண்டியது மிச்சம் இருக்கும். அதுக்கு:

போற வழி காலியா இருக்கான்னு முதல்ல பாருங்க, எங்க வைக்கணும்னு முடிவு பண்ணிட்டு தொடுங்க. மூட்டைய லேசா ஆட்டிப் பாத்து கனம் தெரிஞ்சுக்கோங்க. கால தோள் அகலத்துக்கு விரிச்சு ஒரு கால் கொஞ்சம் முன்னாடி. மூட்டைய உடம்புக்கு கிட்ட இழுத்துட்டு அப்புறம் தூக்குங்க, எட்டி நின்னு தூக்காதீங்க. முட்டியும் இடுப்பும் சேந்து மடங்கட்டும், முழுசா குத்த வைக்க வேண்டியதில்ல, முதுகு வில்லா வளையாம இருந்தா போதும். வெடுக்குன்னு இழுக்காம நிதானமா எழும்புங்க. திரும்பணும்னா பாதத்த எடுத்து வச்சு திரும்புங்க, கையில கனத்த வச்சுக்கிட்டு இடுப்ப முறுக்குறதுதான் ரொம்ப மோசம். செருப்பு வழுக்காததா இருக்கணும், ரப்பர் செருப்போட லாரி பலகையில ஏறவே கூடாது.

50 கிலோ மூட்டைய தரையில இருந்து ஒருத்தர் எடுக்கவே வேண்டாம். ரெண்டு பேர் ஆளுக்கு ரெண்டு மூலைய புடிச்சு, ஒருத்தர் மட்டும் குரல் குடுக்கணும். ரெண்டு பேர்ங்கிறதால ரெண்டு மடங்கு தூக்கலாம்னும் கிடையாது, ஒருத்தர் உயரம் ஒருத்தர் குட்டைன்னா பாரம் குட்டையானவர் பக்கம்தான் சாயும்.

ஸ்டெப் 6: வலின்னு சொன்னா

சொன்ன அன்னைக்கே கனமான வேலைய நிறுத்துங்க. சாதாரண பிடிப்புன்னா வாரக்கணக்கா படுத்தே கெடக்க வேண்டாம், முடிஞ்ச அளவு நடமாடுனாதான் சீக்கிரம் சரியாகும். ஆனா கால்ல பலம் குறையுது, ரெண்டு தொடைக்கு நடுவுல மரத்துப் போகுது, ஒண்ணுக்கு வரல இல்ல தெரியாமலே போயிருது, இதுல எது இருந்தாலும் எண்ணெய் தேய்க்கிறது, வைத்தியர்ட்ட இடுப்பு இழுத்து விடுறதுன்னு நேரம் கடத்தாம அப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்கு போங்க. நரம்பு நசுங்கியிருக்கலாம், மணிக்கணக்குல முடிவு எடுக்க வேண்டிய விஷயம் அது.

பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடத்துல மாசம் 21,000 ரூபா வரைக்கும் சம்பளம் வாங்குறவங்களுக்கு ஈஎஸ்ஐ (அரசோட தொழிலாளர் காப்பீடு) உண்டு. வேலையில அடிபட்டு தற்காலிகமா வேலை செய்ய முடியாமப் போனா சம்பளத்துல 90 சதவீதம் வரைக்கும் அதுல கிடைக்கும். அதுக்கு அடிபட்டது பதிவாகியிருக்கணும், அதனால என்னைக்கு, எத்தனை மணிக்கு, எத தூக்கும்போது, கூட யார் இருந்தாங்கங்கிறத விபத்து நோட்டுல அன்னைக்கே எழுதி வைங்க. அதே நோட்ட மூணு மாசத்துக்கு ஒரு தடவை புரட்டுங்க, ஒரே இடம், ஒரே சாமான் திரும்பத் திரும்ப வந்தா அந்த இடத்துல மறுபடியும் டேப்போட போய் நில்லுங்க.