கர்ப்பிணிகளிடையே எச்.ஐ.வி.: பதிவேட்டிலிருந்து சமூக நிலவரத்தைத் தொகுக்கும் முறை

சேலம் மாவட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பத்தைப் பதிவு செய்ய வரும் பெண்களுக்கு, ரத்த வகை, ஹீமோகுளோபின் ஆகியவற்றோடு, சம்மதம் பெற்று எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்யப்படுகிறது. எந்த வயதினரிடம், எத்தகைய குடும்பங்களில் தொற்று கூடுதலாகக் காணப்படுகிறது என்று தொகுக்க முற்படும் நம்பிக்கை மைய (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) ஆலோசகரோ சமூகப்பணி மாணவரோ, முதலில் பரிசோதிக்கப்பட்ட அனைவரின் பதிவையும் கையில் எடுக்க வேண்டும். தொற்றுள்ளவர்களின் பட்டியலை மட்டும் பார்த்து "பாதிப்பேர் லாரி ஓட்டுநர்களின் மனைவியர்" என்று எழுதினால், சங்ககிரி போன்ற லாரித் தொழில் ஊரில் பரிசோதனைக்கு வந்தவர்களிலேயே பெரும்பகுதியினர் அத்தகையவர்களாக இருந்திருக்கலாம் என்பது மறைந்துபோகும்.

தலைப்புகளைப் புதிதாக வகுக்க வேண்டியதில்லை. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் கண்காணிப்பு ஆய்வில், ஒவ்வொரு மையத்திலும் 15 முதல் 49 வயது வரையுள்ள 400 கர்ப்பிணிகளிடம் வயது, கல்வி, எத்தனையாவது கர்ப்பம், வசிப்பிடம், தம்பதியரின் தொழில், கணவர் வெளியூரில் தங்கி வேலை செய்கிறாரா என்பன கேட்கப்படுகின்றன. அவற்றையே பின்பற்றலாம். 15 முதல் 24 வயதுக்குட்பட்டோரையும் முதல் கர்ப்பத்தினரையும் தனியே பார்த்தால், அண்மையில் பரவிய தொற்றைப் பற்றி ஓரளவு தெரியவரும். முன்பே தொற்று அறிந்து ஏ.ஆர்.டி. எனப்படும் எச்.ஐ.வி. கூட்டு மருந்து உட்கொண்டுவரும் தாய்மார்களை இந்தக் கணக்கில் கலக்கக் கூடாது. கல்வியை வயதுப் பிரிவுக்குள் வைத்தே ஒப்பிட வேண்டும்.

மிகுந்த கவனம் வேண்டுவது பதிவேட்டில் கணவரின் தொழிலைக் குறிக்கும் பத்தியில்தான். "டிரைவர்" என்ற ஒரே சொல்லுக்குள் மாலையில் வீடு திரும்பும் மினி ஆட்டோக்காரரும், வாரக்கணக்கில் வடமாநிலச் சாலைகளில் இருப்பவரும் அடங்கிவிடுகிறார்கள். "எத்தனை நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார்?" என்று கேட்டு அதையும் எழுத வேண்டும். திருமணமான பெண்களுக்குத் தொற்று பெரும்பாலும் கணவர் வழியாகவே வருகிறது. ஆயினும் கர்ப்பத்தால் மனைவிக்கே முதலில் பரிசோதனை நடப்பதால், வீட்டில் பழி அவர்மேல் விழுகிறது. கணவர் பரிசோதனை செய்துகொண்டாரா என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்குவது, என் கருத்தில், தவிர்க்கக் கூடாதது.

முகவரியும் ஏமாற்றும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் பெண் ஓமலூரில் பதிவாகியிருப்பார். குடியிருப்பதோ திருப்பூராக இருக்கும். ஆகவே கடந்த ஓராண்டாக எங்கே வசித்தார் என்று கேட்பதே பொருத்தமானது.

சதவீதம் போடும்போது நிதானம் தேவை. 400 பேரில் ஒருவர் என்றால் 0.25 சதவீதம், மறுமுறை இருவர் என்றால் 0.5. ஒரே ஒருவர் கூடியதை "இருமடங்கு உயர்வு" என்று சொல்வது தவறு. எண்ணிக்கையை அப்படியே கொடுத்து, சில ஆண்டுகளின் பதிவுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஏற்காட்டு மலைக் கிராமங்களில், ஊர், வயது, "காப்பித் தோட்டத் தொழில்" ஆகிய மூன்றும் ஒரே வரியில் வந்தாலே அந்தப் பெண் யாரென்று அக்கம்பக்கத்தார் அறிந்துவிடுவர். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் தொற்றுநிலையை வெளியிடுவதைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே பெயரையும் பதிவு எண்ணையும் நீக்கிய பின்னரே தொகுப்பைத் தொடங்க வேண்டும். ஐந்துக்கும் குறைவான எண் வரும் கட்டங்களை அடுத்த பிரிவோடு இணைத்து, ஊர்ப்பெயருக்குப் பதிலாக வட்டாரப் பெயரை மட்டும் அட்டவணையில் இட வேண்டும்.