கர்ப்பத்தின் 14 முதல் 20 வாரம் வரை: இரும்பு மாத்திரையைப் பாலோடு விழுங்காதீர்கள்

மசக்கை அடங்கி, ரசம் சாதம் மறுபடி ருசிக்க ஆரம்பித்த வாரத்தில்தான் என் மாத்திரைப் பை பெரிதானது. அந்த மாத்திரைகளில் நான் செய்த ஒரு தவறால் ஒரு மாதம் வீணாகப் போனது. இப்போது என் தங்கை அதே கட்டத்தில் இருக்கிறாள். அவளுக்குப் போனில் சொன்னதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். முதல் ஸ்கேன் எடுத்து, பிக்மி எண்ணும் (தமிழ்நாட்டில் கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்யும்போது தரும் எண்) வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அந்த எண்ணைப் பத்திரமாக வையுங்கள், பிறப்புப் பதிவின்போது கேட்பார்கள்.

படி 1: வாரத்தில் எண்ணுங்கள்

வீட்டில் எல்லோரும் மாதக் கணக்கில் பேசுவார்கள். மருத்துவரும் ஸ்கேன் சென்டரும் வாரக் கணக்கில் பேசுவார்கள். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்துதான் வாரம் தொடங்குகிறது. 'அஞ்சு மாசம் முடியட்டும், ஸ்கேனுக்குப் போகலாம்' என்று பெரியவர்கள் சொன்னால், அதற்குள் கிட்டத்தட்ட 22 வாரம் ஆகியிருக்கும். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரிலேயே 14, 16, 18, 20 வாரங்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள். போன் செயலியை விட எனக்கு இதுதான் பிடித்தது. வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும், கணவருக்கும் தேதி தெரிந்துவிடும்.

படி 2: இரும்பும் கால்சியமும் சேரக் கூடாது

14வது வாரம் வாக்கில் இரண்டு மாத்திரைகளும் தொடங்கும். அரசு சுகாதார நிலையத்தில், 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த சிவப்பு மாத்திரையைத் தினம் ஒன்று வீதம் குறைந்தது 180 நாள் போடச் சொல்வார்கள். கால்சியம் 500 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மறக்காமல் இருக்க இரண்டையும் இரவில் ஒன்றாகப் போட்டேன். அதுவும் அத்தை அன்போடு காய்ச்சித் தந்த குங்குமப்பூப் பாலோடு! 14வது வாரத்தில் 11.2 இருந்த ஹீமோகுளோபின், 18வது வாரத்தில் 10.3 ஆனது. இந்தச் சமயத்தில் ரத்தத்தில் நீர்ப்பகுதி வேகமாகக் கூடுவதால் அளவு கொஞ்சம் இறங்குவது இயல்புதான். ஆனால் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்று கணக்கு. மாத்திரையைக் கூட்டலாமா என்று மருத்துவர் யோசித்தபோது, பக்கத்தில் இருந்த செவிலியர் அக்கா, "எதோட போடுறீங்கம்மா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் விஷயம் வெளியே வந்துவிட்டது.

பாலிலும் மாத்திரையிலும் உள்ள கால்சியம், இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். காபியும் தேநீரும் அப்படியே. வைட்டமின் சி அதற்கு நேர்மாறாக, இரும்பு சேர உதவும். அதன்பிறகு நான் வைத்துக்கொண்ட நேரம் இது:

காலை 7 மணிக்குக் காபி, 8.30-க்கு டிபன்.
11 மணிக்கு இரும்பு மாத்திரை, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு.
மதியம் சாப்பிட்டதும் ஒரு கால்சியம், இரவு சாப்பிட்டதும் இன்னொன்று.
குங்குமப்பூப் பால் மாலை 5 மணிக்கு மாறியது. (அதனால் குழந்தை நிறமாகப் பிறக்காது. ஆனால் பால் நல்லது, அத்தைக்கும் சந்தோஷம்.)

இரும்புக்கும் கால்சியத்துக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். மாத்திரை அளவு கூடவில்லை, நேரம் மட்டும்தான் மாறியது. 24வது வாரத்தில் 10.9 வந்தது. முருங்கைக்கீரை, கொய்யா, நெல்லிக்காய் எல்லாம் சாப்பிடுங்கள், ஆனால் மாத்திரைக்குப் பதிலாக அல்ல.

படி 3: உடம்பு காட்டும் மாற்றங்கள்

சட்டென எழுந்தால் தலை சுற்றும், இந்த மாதங்களில் ரத்த அழுத்தம் சற்று இறங்கும். பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வரலாம். திரும்பிப் படுக்கும்போது அடிவயிற்றின் ஓரத்தில் சுரீர் என்று இழுக்கும். கருப்பையைத் தாங்கும் தசைநார்கள் நீளுவதால் வருவது அது, கொஞ்சம் ஓய்வெடுத்தால் அடங்கும்.

ரத்தப்போக்கு, நீர் கசிவு, காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், விடாத வயிற்று வலி ஆகியவை வேறு. அவற்றுக்கு அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள். ரத்தப்போக்கு அதிகமென்றால் 108.

முதல் குழந்தையின் அசைவு பெரும்பாலும் 18 முதல் 20 வாரத்துக்குள் தெரியும். நான் முதல் சில நாள் வாயுத் தொல்லை என்றே நினைத்தேன். இரண்டாவது பிரசவம் என்றால் 16-லேயே தெரிந்துவிடும்.

படி 4: 18–20 வார ஸ்கேன்

தலை, முதுகெலும்பு, இதயம், சிறுநீரகம், கை கால் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். குழந்தை குப்புறக் கிடந்தால், 'கொஞ்சம் நடந்துட்டு வாங்க' என்று அனுப்புவார்கள், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆதாரும் பழைய ரிப்போர்ட்டுகளும் கையில் இருக்கட்டும். ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள், 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொல்லவே கூடாது.

எனக்கு ரிப்போர்ட்டில் 'நஞ்சுக்கொடி (பிளசென்டா) கீழே இருக்கிறது' என்று வந்தது. அன்றிரவு முழுக்க அழுதேன். இந்த வாரத்தில் அப்படி இருப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கருப்பை வளர வளர அது மேலே ஏறிவிடும். 32வது வாரம் வாக்கில் மறுபடி பார்ப்பார்கள், எனக்கும் ஏறியிருந்தது. அதுவரை மருத்துவர் சொல்லும் கட்டுப்பாடுகளை மட்டும் விடாதீர்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த இருவரின் கேள்விகள். மலம் கறுப்பாகப் போவது இரும்பினால்தான், மாத்திரையை நிறுத்த வேண்டாம். மலச்சிக்கலுக்குத் தண்ணீரையும் ஊறவைத்த உலர்திராட்சையையும் கூட்டுங்கள், அப்படியும் முடியவில்லை என்றால் மருத்துவரிடம் வேறு வகை இரும்பு கேளுங்கள். இன்னொன்றை நான் எழுதவே மறந்துவிட்டேன். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் அதற்குப் பின் இரும்புக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். காலை 6 மணிக்குத் தைராய்டு மாத்திரை என்றால், மேலே சொன்ன 11 மணி உங்களுக்கும் சரியாக வரும்.